கிழக்கு பஜாரில் மஞ்சள் கோடு

ஆகஸ்ட் 3

டாக்டரிடம் முந்நூறு ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது: எனக்குக் கோபம் அதிகம். இது என் மகன் நயினாருக்கும், கடையில் வேலை பார்க்கும் எஸ்தருக்கும், பஜாரில் உள்ள அத்தனை பேருக்கும் பல வருடமாகத் தெரியும். அவர்கள் யாரும் பீஸ் வாங்கியதில்லை. பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "மனசுல போட்டு வைக்காதீங்க, யார்ட்டயாவது சொல்லீருங்க" என்றார். யாரிடம் சொல்வது? என்னைச் சுற்றி இருக்கிற முகங்களைப் பார்த்தால் சொல்லத் தோன்றவில்லை. அதனால் ஜனவரியில் நூல் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போய், பிரிக்காமலே கிடந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

எழுதுவதற்கு விஷயமும் சாயங்காலமே வந்துவிட்டது. மாநகராட்சி நோட்டீஸ். எங்கள் கிழக்கு பஜார் சாலையில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் போடப் போகிறார்களாம். இரண்டு ஓரமும் மஞ்சள் கோடு இழுத்து, அதற்குள் பஸ் மட்டும். கார், பைக், தள்ளுவண்டி எதுவும் ஓரத்தில் நிற்கக் கூடாது. வியாபாரிகள் தங்கள் கருத்தைச் சொல்ல ஒன்பதாம் தேதி வர வேண்டுமாம்.

என்னிடம் கருத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆகஸ்ட் 9

கூட்டம் பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். மேயர் வராததால் மதியம் வரை உட்கார்த்தி வைத்தார்கள். வந்ததும் குத்துவிளக்கு ஏற்றினார். பஸ் ஓடுவதற்கு எதற்குக் குத்துவிளக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து திரையில் படம் காட்டினான். ஏதோ வெளிநாட்டுத் தெரு. கழுவித் துடைத்த சாலை, ஒரு பஸ், ஒரு மரம், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர். அந்த ஊரில் கடையே கிடையாது போலிருக்கிறது. ஜாக்கெட் போடுகிறவர்களும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு பெண் எழுந்தாள். இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர், பெயர் தாஹிரா. முப்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் சுடிதார், துப்பட்டா ஒரு நிறம், பேன்ட் இன்னொரு நிறம், இரண்டும் சேரவில்லை. மேட்சிங் சென்டர் நடத்துகிறவள் கண்ணுக்கு இது தப்புமா? செலவில் பாதியை ஒரு வெளிநாட்டு வங்கி தருமாம், கால் பங்கு அரசாங்கம், மிச்சம் மாநகராட்சி. டிசம்பர் முடிவதற்குள் மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்பாவிட்டால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடுமாம்.

"போட்டும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான்தான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்க எந்தக் கடைம்மா?"

"வடிவு மேட்சிங் சென்டர். சண்முகவடிவு."

"உங்க கடைக்கு வர்றவங்க பெரும்பாலும் எதுல வர்றாங்கம்மா?"

எழுந்து நின்றேன். "கார்ல வாராங்க. கார் நிறுத்த எடம் இல்லைன்னா, ரெண்டு ஜாக்கெட் துணிக்காவ ஆகாயத்துல பறந்தா வருவாங்க?"

ஹால் முழுக்கச் சிரித்தது. பாத்திரக்கடை பால்துரை அண்ணாச்சி, எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர், எழுந்து நின்றே கைதட்டினார். அவருக்கு முழங்கால் வலி என்று சங்கக் கூட்டத்துக்கே வருவதில்லை. வெளியே வந்ததும், "தங்கச்சி, போராட்டக் குழுவுக்கு நீதான் அமைப்பாளர். ஆம்பிளயள் பேசுனா கட்சி சாயம் பூசிருவானுவ" என்றார். தான் பேசினால் வருமானவரிக்காரன் வருவான் என்பதை அவர் சொல்லவில்லை.

ஒப்புக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் வாய் இருந்தது எனக்கு மட்டும்தான்.

ஆகஸ்ட் 10

பேப்பரில் என் போட்டோ. கண் மூடியிருக்கிறது.

ஆகஸ்ட் 22

மோட்டார் ரிப்பேர். பிளம்பர் வருகிறேன் என்று சொல்லி மூன்றாவது நாள். குடத்தில் தண்ணீர் தூக்கிவிட்டுக் கடைக்குப் போனால், பதினொரு மணிக்கு அந்த இன்ஜினியர் அம்மாள் வந்து நிற்கிறாள். கையில் கட்டைப்பை, அதற்குள் ஒரு பச்சைச் சேலை. தங்கை கல்யாணமாம், ஜாக்கெட் துணி வேண்டுமாம்.

எஸ்தர் வெறும் பச்சையை எடுத்துப் போட்டாள். நான் தள்ளிவிட்டு மயில் கழுத்தை எடுத்து வைத்தேன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னேன். வாசலுக்குப் போனவள் துணியையும் பார்த்தாள், தெருவையும் பார்த்தாள்.

"சரியா இருக்கும்மா. இந்த வெள்ளைக் கார் யாருது?"

"நம்ம வண்டிதான். ரெண்டு வருசம் ஆச்சு எடுத்து."

"காலைல வந்தா ராத்திரி வரைக்கும் இங்கயேதான் நிக்குமா?"

"பின்ன, அது என்ன ஆடா, மேய்ச்சலுக்கு ஓட்ட?"

"பக்கத்துல நிக்கிற கார்லாம்?"

"செவப்பு பால்துரை அண்ணாச்சியுது. அடுத்தது அவரு மருமவனுது. அந்தா நிக்குது பாருங்க, அது பேன்சி ஸ்டோர்க்காரரு வண்டி. அதுக்கு அங்கிட்டு நிக்கது நகைக்கடை மேனேஜருது."

அவள் ஒவ்வொரு காராகப் பார்த்தாள். துணிக்குப் பணம் கொடுத்தாள், லைனிங்குக்கும் சேர்த்து. பேரம் பேசத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய படிப்புப் படித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதை வைத்து மேலே பேசத் தெரியவில்லை. இவளெல்லாம் சாலை போட்டு நாம் அதில் போக வேண்டுமாம்.

போகும்போது பஸ்ஸுக்காக எதிர்ப்புறம் நின்றாள். நான் பில் புக் மாற்றி, மாத்திரை போட்டு, நூல் பெட்டியை அடுக்கி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். பஸ் வரவில்லை. நடந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 4

ஒரு வாரம் சோதனை ஓட்டமாம். விடிவதற்குள் தார் டிரம்களை வரிசையாக வைத்துக் கயிறு கட்டிவிட்டார்கள். முனைக்கு ஒரு போலீஸ். காரைக் கொண்டுபோய்க் கோயில் மைதானத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தோம். நயினார் கையை வீசிக்கொண்டு முன்னால் போகிறான். அவனுக்கு முப்பத்தொரு வயது. எனக்கு ஐம்பத்தேழு. கால் வீங்கிவிட்டது.

வந்து பார்த்தால் எஸ்தர் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எனக்கு முன்னால் வந்தது இன்றுதான்.

"என்னட்டி, வீட்டுல சண்டையா?"

"இல்லக்கா. பஸ் எங்கயும் நிக்காம வந்துட்டு. பாலத்துல ஏறுனதுதான் தெரியும், எறங்கச் சொல்லிட்டான்."

அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சம்பளம் கூட்டினபோதுகூட இப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 7

சாப்பிட நேரமில்லை. காலையிலிருந்து கூட்டம். எல்லாம் அந்த இலவச டவுன் பஸ் பெண்கள். மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேலைகளைக் கவுண்டரில் பரப்பி, பத்து நிறம் எடுக்கச் சொல்லி, கன்னத்தில் கை வைத்து யோசித்து, கடைசியில் ஃபால்ஸ் ஒன்று, ஊக்கு ஒரு அட்டை. சிலர் நான்கைந்து ஜாக்கெட் துணியும் எடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம்.

நயினார் ராத்திரி சொல்கிறான்: "யாவாரம் நல்லா இருக்கும்மா இந்த வாரம்."

"ஆவணி முகூர்த்தம்லே. போன ஆவணிக்கும் இப்படித்தான்."

போன ஆவணியில் எப்படி என்று எனக்கு நினைவில்லை. இருந்திருக்கும்.

செப்டம்பர் 11

டிரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து மணிக்குள் பால்துரை அண்ணாச்சியின் சிவப்புக் கார் வந்துவிட்டது. அதற்கு முன்பே எங்களுடையது.

எஸ்தர் பத்தே முக்காலுக்கு வந்தாள். வாசலை நானே பெருக்கி முடித்திருந்தேன்.

அக்டோபர் 6

முழுக் கடையடைப்பு, அடையாள உண்ணாவிரதம். பந்தல் போட்டுப் பத்து மணிக்கு உட்கார்ந்தோம். ஏற்பாடு எல்லாம் என்னுடையது. பேனருக்கு வாசகம்கூட நான்தான் சொன்னேன்: "கோடு போடாதே, குடியைக் கெடுக்காதே." பெயிண்டர் "கேடு போடாதே" என்று எழுதிக் கொண்டுவந்தான். அதையே கட்டினோம்.

உண்ணாவிரதம் என்றால் என்னவென்று இந்த ஆண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நகைக்கடை மேனேஜர் போன் பேசுவதுபோலப் போய்ப் பின்கதவு வழியாகத் தயிர்ச்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தார். மீசையில் கடுகு. பால்துரை அண்ணாச்சி பழரசம் உணவில்லை என்றார். நான் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தேன். மாத்திரையும் போடவில்லை. மைக்கில் நாற்பது நிமிடம் பேசினேன். சொந்தக்காரர் கல்யாண வீட்டில்கூட என் பேச்சுக்கு இப்படி யாரும் காது கொடுத்ததில்லை. எங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

சாயங்காலம் எம்.எல்.ஏ. வந்து எலுமிச்சம் சாறு கொடுத்து முடித்துவைத்தார். பஸ் தடத்துக்குப் பதில் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டித் தருவதாகச் சொன்னார். எங்கே, எந்தப் பணத்தில் என்று சொல்லவில்லை. கைதட்டினோம்.

நவம்பர் 5

தீபாவளிக் கூட்டம். பஸ் ஒன்று எங்கள் கடை வாசலில் வந்து நின்றது, நின்றதுதான். முன்னால் போக வழியில்லை, இரண்டு ஓரமும் வண்டி. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருத்தி ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "யம்மா, இந்த வெள்ளைக் கார எடுக்கச் சொல்லுங்கம்மா." நயினார் சாவியோடு பேங்குக்குப் போயிருந்தான். காது கேட்காததுபோல உள்ளே போய் லைனிங் துணியை மடித்தேன். இவளுக்காகத்தான் நான் கார் வாங்கினேன் பாருங்கள்.

டிசம்பர் 18

ஜெயித்தாகிவிட்டது.

மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளர் மாடத்தில் எங்களை உட்காரவிட்டார்கள். கவுன்சிலர்களில் பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள். பஸ் தடம் பற்றிய தீர்மானம் கடைசி. தாஹிரா எழுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். சோதனை வாரத்தில் பஸ்கள் எவ்வளவு வேகமாகப் போயின, எத்தனை பேர் ஏறினார்கள் என்று. இரண்டு வரி முடிவதற்குள் ஒருவர், "அதெல்லாம் உறுப்பினர்கள் படிச்சுக்குவாங்க, உக்காருங்க" என்றார். மேலே எங்களைப் பார்த்தார்கள். அத்தனை வியாபாரி, அத்தனை ஓட்டு. "மறு பரிசீலனைக்காக ஒத்திவைக்கப்படுகிறது" என்று வாசித்தார்கள். ஒத்திவைத்தால் டிசம்பர் போய்விடும், டிசம்பர் போனால் பணம் போய்விடும். பச்சைப்பிள்ளைக்கும் புரியும்.

எனக்கு மாலை போட்டார்கள். சம்பங்கி, இரண்டு நாள் பழையது.

கீழே இறங்கி வரும்போது ஹாலில் யாருமில்லை. அந்தப் பெண் மட்டும் கம்ப்யூட்டர் வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அரசாங்க வேலையில் இருக்கிறவள் எனக்காக எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

"தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிட்டா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"முடிஞ்சிதும்மா. அந்த ஜாக்கெட் துணி நல்லா அமைஞ்சிருந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அமையாம?" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையைக் காரில் பின்சீட்டில் போட்டேன். அங்கேயே வாடிக் கிடக்கிறது, நயினாருக்கு எடுத்துப் போடத் தோன்றவில்லை.

டிசம்பர் 29

அந்தப் பெண்ணைப் பாதாளச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். பால்துரை அண்ணாச்சி போன் போட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்த மனிதர் சிரித்தால் எனக்குப் பிடிப்பதில்லை. வைத்துவிட்டேன்.

ஜனவரி 12

இதைத்தான் நான் முதலிலிருந்து சொன்னேன். பஸ் டிப்போக்காரர்களே முடிவெடுத்துவிட்டார்கள்: கிழக்கு பஜாருக்குள் போனால் நேரத்துக்கு ஓட்ட முடியவில்லை, டீசல் வீணாகிறது, அதனால் இனிமேல் எல்லா டவுன் பஸ்ஸும் பைபாஸ் வழி. பஜாருக்குள் ஸ்டாப் கிடையாது. மஞ்சள் கோடும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

தெரு அகலமாகிவிட்டது. புகை இல்லை, ஹாரன் இல்லை. சங்கத்தில் ஜிலேபி கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனாலும் இரண்டு தின்றேன்.

பிப்ரவரி 20

மந்தம். மாசி மாதம் எப்போதும் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு. தவிர இப்போது எல்லாம் போனில் வாங்குகிறார்கள். போனில் நிறம் எப்படித் தெரியும்? அரக்கைக் கேட்டால் செங்கல் வரும். பட்டால்தான் புத்தி வரும் இந்த ஜனங்களுக்கு.

எஸ்தர் வந்தது பதினொன்றரைக்கு. பைபாஸில் இறங்கி நடந்து வருகிறாளாம். ஆட்டோவில் வரச் சொன்னேன். "ஆட்டோவுக்குக் குடுத்தா சம்பளத்துல மிச்சம் என்னக்கா இருக்கும்" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

இன்று மத்தியானம் முழுக்க ஒரே ஒரு ஆள் கடைக்குள் வந்தார். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மார்ச் 5

எஸ்தர் போய்விட்டாள்.

சம்பளம் வாங்கிய கையோடு, பையை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். சம்பளம் கூடக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பைபாஸ் ஸ்டாப் பக்கத்துல சின்னதா ஒரு எடம் கெடச்சிருக்குக்கா. மகளிர் குழுவுல லோன் போட்டு எடுத்திருக்கேன். இதே மாதிரி லைனிங், ஃபால்ஸ், ஜாக்கெட் துணி. பஸ்ஸ விட்டு எறங்குத எடத்துலயே."

"என் கடையில நின்னு படிச்ச தொழில எனக்கு எதுக்கவே போடுதியாக்கும்."

"எதுக்கயா? ஒரு மைல் தள்ளிக்கா."

"நன்றி இருக்கா ஒனக்கு?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இருக்குக்கா. அதனாலதான் ரெண்டு மாசமாக் கொறை சொல்லாம நடந்து வந்தேன்" என்றாள்.

நிறம் பார்க்கத் தெரியாது அவளுக்கு. பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. வாடாமல்லிக்கும் கத்திரிப்பூவுக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் முழிப்பாள். எத்தனை நாள் ஓட்டுகிறாள் பார்ப்போம்.

மார்ச் 6

டீ நானே போட்டேன். சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பால்துரை அண்ணாச்சி வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார், வெற்றிலை பாக்குடன். "பால்துரை பாத்திர மாளிகை, பைபாஸ் கிளை, பேருந்து நிறுத்தம் எதிரில்." கடைசி மூன்று வார்த்தைகள் பெரிய எழுத்தில்.

"பஸ்ஸே ஆகாதுன்னு பந்தல் போட்டு உக்காந்தமே அண்ணாச்சி?"

"அது கொள்கை தங்கச்சி. இது யாவாரம்லா."

அந்த இடத்துக்கு எப்போது அட்வான்ஸ் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னாலேயே என்றார், வெட்கமில்லாமல். நாங்கள் ஜிலேபி தின்றுகொண்டிருந்தபோது இவர் இடத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பழைய கடை இருக்கட்டும், குடோனாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். பேன்சி ஸ்டோர்க்காரரும் அங்கே இடம் பார்த்துவிட்டாராம். அமைப்பாளர் என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு எல்லோரும் பந்தலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்திரிகை நல்ல தாள். பின்பக்கம் கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.

மே 9

இப்போது கிழக்கு பஜாரில் எங்கே வேண்டுமானாலும் கார் நிறுத்தலாம். நிழலில் நிறுத்தலாம், குறுக்கே நிறுத்தலாம், இரண்டு கார் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். இன்று தெருவில் எங்கள் கார் மட்டும் நின்றது. அதன் கூரையில் ஒரு பூனை படுத்திருந்தது, மத்தியானம் முழுக்க யாரும் விரட்டவில்லை.

மே 23

காரை விற்றுவிட்டோம். துணி மில்லுக்குப் பாக்கி, கடை வாடகை மூன்று மாதம். நயினார் ஒரு குரியர் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறான். கார் போகும்போது அவன் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். நான் பார்த்தேன். வாங்கியவன் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மூன்று தடவை முயன்றான். குறுக்கே ஒரு சைக்கிள்கூட இல்லாத பஜாரில்.

ஜூன் 3

மாநகராட்சிக்கு மனு கொண்டுபோனேன். கிழக்கு பஜாருக்குள் மறுபடி பஸ் விட வேண்டும் என்று. மிச்சம் இருக்கிற கடைக்காரர்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நகைக்கடை மேனேஜர் தலைமை ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மூன்று மேஜை மாற்றி அனுப்பினார்கள். ஒருவன், "பஸ் வேண்டாம்னு போராடுனதும் நீங்கதான?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். போட்டோவில் கண் மூடியிருந்தும் அடையாளம் தெரிகிறது.

படியிறங்கும்போது தாஹிரா எதிரே வந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், சேறு. எங்கேயோ மேன்ஹோலைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறாளாம். மனுவை வாங்கி நின்றுகொண்டே படித்தாள்.

"இது டிப்போவுக்குத்தான்ம்மா போகணும். நான் ஒரு குறிப்பு எழுதித் தரேன். ஆனா தடம் இல்லாம உள்ள விட மாட்டாங்க. நின்னு நின்னு போனது அவங்களுக்கு மறக்கல."

"அப்ப தடத்தப் போட்டுத் தாங்க."

"பணம் போயிட்டும்மா. வேற ஊருக்குக் குடுத்துட்டாங்க. அங்க வேலை பாதி முடிஞ்சிட்டுது." கொஞ்சம் யோசித்தாள். "மூணு நாலு வருசத்துல மறுபடி ஏதாவது திட்டம் வரும். அப்ப நான் எங்க இருப்பேனோ."

என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பதில் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் மனுவைச் சுவரில் வைத்து, தாளில் சேறு படாமல் குறிப்பு எழுதித் தந்தாள். எழுத்து அழகாக இருந்தது. துப்பட்டா இன்றும் சேரவில்லை. சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் வந்தேன்.

ஜூன் 19

கட்டடச் சொந்தக்காரர் முப்பதாம் தேதிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பால்துரை அண்ணாச்சி குடோனுக்காக இதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறாராம். நல்லது. அண்டாவும் குண்டாவும் நிறம் மாறாது, மேட்சிங் பார்க்க வேண்டாம்.

மிச்சம் இருக்கிற சரக்கை மொத்தமாகத் தள்ளிவிட யாரைக் கேட்பது என்று யோசித்தேன். எடுக்கக்கூடிய ஆள் ஊரில் ஒருத்திதான்.

மூன்று கட்டைப்பை தூக்கிக்கொண்டு பைபாஸுக்கு நடந்தேன். நிழல் கிடையாது, நடைபாதை கிடையாது. லாரி ஒவ்வொன்றும் சேலையைப் பிடுங்குகிற மாதிரிப் போகிறது. பாதி வழியில் ஒரு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் இதைத் தினமும் நடந்திருக்கிறாள். இவ்வளவு கஷ்டம் என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஊமையா அவள்?

கடை ஒரு பெட்டி மாதிரி இருக்கிறது. தகரக் கூரை, ஒரு மேஜை விசிறி. வாசலிலேயே பஸ் நிற்கிறது. என்னைப் பார்த்ததும் எஸ்தர் எழுந்து ஸ்டூலைத் துடைத்தாள்.

"வாங்கக்கா. நடந்தா வந்தீங்க?"

"பின்ன, பல்லக்குலயா?"

தண்ணீர் கொடுத்தாள். துணியை விலை பேசுவதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி சேலையை விரித்து, "இதுக்கு ஜாக்கெட் துணி" என்றாள். எஸ்தர் சிவப்பை எடுத்தாள், பிறகு ரோஸை எடுத்தாள், பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காததுபோல நின்றாள். கண் கொண்டு பார்க்க முடியவில்லை எனக்கு.

"ராணிக் கலர்ட்டி அது. அந்தா, மூணாவது தட்டுல, ஊதாவுக்குக் கீழ."

எடுத்து வைத்தாள். பொருந்தியது. அந்தப் பெண் இன்னொரு சேலையையும் பையிலிருந்து எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், "எனக்கும் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றாள். எழுந்து கவுண்டருக்கு உள்ளே போனேன். அங்கே இரண்டு பேர் நிற்க இடமில்லை. எஸ்தர் நகர்ந்து நின்றாள்.

இருட்டும்வரை இருந்துவிட்டேன். என் சரக்குக்கு நியாயமான விலைதான் போட்டாள். நானாக இருந்தால் குறைத்திருப்பேன். ஷட்டரை இழுக்கும்போது, "நாளைக்கும் வாரீங்களாக்கா?" என்று பூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு வேற சோலி இல்லாமலா கெடக்கு?"

ஜூன் 20

போனேன். பக்கத்திலேயே கிளை போட்டிருக்கிற பேன்சி ஸ்டோர்க்காரர் ஜாக்கெட் துணியும் வைக்கப் போகிறாராம். அவர் ஜெயித்துவிடக் கூடாது.

ஜூலை 1

பழைய கடையின் சாவியைக் கொடுத்தாயிற்று. போர்டைக் கழற்றும்போது "மேட்சிங்" உடைந்துவிட்டது. "வடிவு" மட்டும் முழுசாக இருந்தது. நயினார் வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறான். எஸ்தரிடம் சொன்னதற்கு, "கொண்டாங்கக்கா, இங்க மாட்டுவோம்" என்கிறாள். யார் கடைக்கு யார் பெயர். கிறுக்கு.

ஜூலை 8

எஸ்தர் கடைக்குப் போக இப்போது எங்கள் வீட்டு முனையிலிருந்தே பஸ் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. நின்றுகொண்டுதான் போக வேண்டும், ஆனால் பாலம் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். கண்டக்டர் எரிந்து விழுகிறவன். என்னிடம் இரண்டு நாள் வாலாட்டிப் பார்த்தான், இப்போது அடங்கிவிட்டான்.

இன்று ஸ்டேஷன் ரோடு திருப்பத்தில் பஸ் நின்றுவிட்டது. எவனோ ஒருவன் வளைவிலேயே காரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார். பின்னால் இன்னும் மூன்று பஸ். வெயில். ஒரு பிள்ளைக்குப் பரீட்சையாம், அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் எதிர்ப்புறக் கடையிலிருந்து ஒரு ஆள் நிதானமாக வந்தார், வாயில் பல்குச்சி. தன் கடை வாசலில் தன் கார் நிற்கக் கூடாதா என்று டிரைவரிடம் நியாயம் கேட்டார்.

ஜன்னல் வழியாகத் தலையை வெளியே விட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. சாலை அவன் அப்பன் வீட்டுச் சொத்தா என்பதில் தொடங்கியது. மூச்சு வாங்க நிறுத்தியபோது, விட்ட இடத்திலிருந்து எனக்குப் பின்னால் நின்ற பூக்காரி தொடர்ந்தாள், அவளுக்கு அடுத்தவள், பிறகு பஸ் முழுக்க. அந்த ஆள் பல்குச்சியைத் துப்பிவிட்டு ஓடிப்போய் காரை எடுத்தார்.

பஸ் நகர்ந்தது. யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.